ஓடுகிற சரக்கைக் கேளுங்கள்

(சென்னை நாள் கொண்டாட்டத்தையொட்டி மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘சென்னையின் தலைசிறந்த உணவகங்கள்’ என்று போட்டுவிட்டார்கள். தலைப்பு நான் கொடுத்ததில்லை. இன்ன கடை முதலிடம், இன்ன கடை இரண்டாமிடம் என்று அறிவிக்கப் போவதும் இல்லை. அறிவித்தால் முழுசாக வீடு போய்ச் சேர மாட்டேன். திருவல்லிக்கேணிக்காரர்கள் இந்தப் பக்கமும் மயிலாப்பூர்க்காரர்கள் அந்தப் பக்கமும் பிடித்துக்கொள்வார்கள். என்னால் சொல்ல முடிந்தது, எந்தக் கடையில் எந்த நேரத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத்தான்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ‘எங்க சார் நல்லா இருக்கும்?’ என்று கேட்பார்கள். ‘எத்தனை மணிக்குப் போகப் போறீங்க?’ என்று திருப்பிக் கேட்பேன். என்னவோ ஜோசியக்காரரிடம் வந்துவிட்டது மாதிரி பார்ப்பார்கள். ஆனால் நேரம் தெரியாமல் ஓட்டலைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. காலை ஏழு மணிக்குச் சொர்க்கமாக இருக்கிற கடை பதினொரு மணிக்கு வெறும் கடை.

சமையல்கட்டில் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். இட்லி மாவு முந்தின நாள் அரைத்துப் பொங்கவிட்டது. விடிகாலையில் இருக்கிற பதம் பிற்பகலில் இருக்காது, புளிப்பு ஏறிவிடும். தேங்காய்ச் சட்னிக்கு நம் ஊர் வெயிலில் ஆயுசு சில மணி நேரம்தான். வெண்பொங்கல் ஆறினால் இறுகும். இறுகினதைத் தளர்த்தச் சுடுதண்ணீர் விட்டுக் கிளறுவார்கள். அப்புறம் அதில் நெய்யின் வாசனை இருக்கும், நெய் இருக்காது. மெதுவடை எண்ணெயிலிருந்து எடுத்த பத்து நிமிஷம் வரைக்கும் ராஜா. அதற்குப் பிறகு அதைச் சாம்பாரில் ஊற வைத்துக் கேட்பவர்தான் விவரம் தெரிந்தவர்.

ஆகவே கடைக்காரர்கள் ‘ஓடுகிற சரக்கு’ என்கிறார்களே, அதைத்தான் பிடிக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறங்கினதும் மேஜைக்குப் போய்விடுகிற பண்டம் கெட்டுப்போக நேரமே இல்லை. ஓடாத சரக்குதான் குளிர்பெட்டியில் குடியிருக்கும். இருநூறு பண்டம் போட்ட மெனு அட்டை நீட்டுகிற இடத்தில் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். இருநூறு பண்டத்துக்கு இருநூறு மசாலா யாரும் அரைப்பதில்லை. வெங்காயமும் தக்காளியும் முந்திரியும் போட்டு வதக்கி அரைத்த ஒரே கிரேவி ஓர் அண்டா நிறைய இருக்கும். பனீரைப் போட்டால் ஒரு பெயர், காளானைப் போட்டால் இன்னொரு பெயர். விலை மட்டும் தனித்தனி.

சப்ளையரிடம் ‘என்ன சூடா இருக்கு?’ என்று கேட்காதீர்கள். ‘எல்லாம் சூடுதான் சார்’ என்பார்; அவர் வேறு என்ன சொல்வார்? ‘இட்லி அடுத்த ஈடு எப்போ எறங்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். உட்காருகிறவருக்குத் தொழில் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். ‘அஞ்சு நிமிஷம் இருங்க, புதுசு தரேன்’ என்று அவரே ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

இதே மயிலாப்பூரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சின்ன இடம். உள்ளே சாப்பிடுகிறவர்கள் எழுந்தால்தான் வெளியே சந்தில் நிற்கிறவர்களுக்கு வழி. அங்கே மெனு அட்டையைத் தேடிப் பயனில்லை. இட்லி, வடை, பொங்கல். காலையில் இந்த மூன்றையும் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. விசேஷம் இட்லிகூட இல்லை என்பேன், கெட்டிச் சட்னி. தண்ணீர் கலந்து நீட்டாத தேங்காய், கரண்டியிலிருந்து விழுந்த இடத்தில் அப்படியே உட்காரும். பக்கத்தில் பச்சை மிளகாய்க் காரச் சட்னி. இட்லியை விண்டு கெட்டிச் சட்னியில் தாராளமாகவும் காரச் சட்னியில் பட்டும் படாமலும் தொட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் தாராளம் காட்டினவர்கள் தண்ணீர் டம்ளரைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போய்விட்டுக் கூட்டம் என்று குறைப்பட்டால் அது உங்கள் தவறு. வேலை நாளில், விடிந்த கையோடு போங்கள்.

கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். அங்கே காலையில் போவதைவிடச் சாயங்காலம் போவது உத்தமம் என்பது என் கட்சி. அடை அவியல் கேளுங்கள். அடையை ஓட்டல்களில் பெரும்பாலும் கெடுத்துவிடுவார்கள். மாவை நைஸாக அரைத்து மெல்லிசாக வார்த்து, தோசைக்கு அண்ணன் மாதிரி ஆக்கிவிடுவார்கள். அடை என்றால் பருப்பு பல்லில் தட்டுப்பட வேண்டும், ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்க வேண்டும், நடுவில் ஓட்டை போட்டு அதிலும் எண்ணெய் விட்டிருக்க வேண்டும். கூடவே கீரை வடை ஒன்று. பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையைப் பற்றி மயிலாப்பூரில் நின்றுகொண்டு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஒரு வீட்டு ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுவார்கள், வாங்கித் தெருவில் நின்று சாப்பிட வேண்டும், பஜ்ஜி கேட்க வேண்டும், அவ்வளவுதான். குளத்தங்கரையில் காளத்தி கடை. 1927-லிருந்து இருக்கிற பத்திரிகைக் கடை, ஆனால் ஜனங்கள் நிற்பது ரோஸ் மில்க்குக்கு. வெயில் நேரத்தில் குடிக்க வேண்டியது. என் ருசிக்குக் கொஞ்சம் தித்திப்பு அதிகம்தான். இருந்தாலும் அந்தப் பக்கம் போனால் கை தானாகக் காசை எடுக்கிறது.

திருவல்லிக்கேணிக்குப் போவோம். ரத்னா கபே பற்றிப் பேசாமல் இந்த ஊரின் சிற்றுண்டியைப் பற்றிப் பேச முடியாது. 1948-ல் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர் கும்பகோணத்துக்காரரா, உடுப்பிக்காரரா என்று கேட்டால் இரண்டும் இல்லை. வடக்கே மதுராவிலிருந்து வந்த குப்தா. சென்னையின் சாம்பாருக்கு அடையாளமாக ஆகிவிட்ட ஒரு கடையை இந்தி பேசுகிற ஊரிலிருந்து வந்த ஒருவர் தொடங்கினார் என்பதை என் நண்பர்கள் சிலரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. இந்த ஊர் ஓட்டல் தொழிலையே வந்தவர்கள்தான் கட்டினார்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து எடுபிடி வேலைக்கு வந்த கிருஷ்ணா ராவ்தான் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸை ஆரம்பித்தார். நெய் ரோஸ்ட், மசால் தோசை என்று நாம் நம்முடையதாகச் சொந்தம் கொண்டாடுகிற பாதிப் பண்டங்களுக்கு ருசி பழக்கிவிட்டவர்கள் உடுப்பிக்காரர்கள்.

ரத்னா கபேயில் கேட்க வேண்டியது இட்லி சாம்பார், வேறெதுவும் வேண்டாம். இரண்டு இட்லி ஒரு தட்டில் வரும். பின்னாலேயே ஒருவர் கையில் சாம்பார்ப் பாத்திரத்தோடு வருவார். கிண்ணத்தில் அளந்து வைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. இட்லியின் தலையில் ஊற்றுவார், அது தட்டு விளிம்பைத் தொடுகிற வரைக்கும். புதிதாக வருகிறவர்கள் ‘போதும் போதும்’ என்று கையைக் காட்டுவார்கள். காட்டக் கூடாது. உடனே ஸ்பூனைப் போடவும் கூடாது. ஒரு நிமிஷம் பொறுங்கள். இட்லியின் மேல்தோல் நெகிழ்ந்து, ஓரத்திலிருந்து சாம்பார் உள்ளே ஏறும். வெள்ளை நிறம் மெல்ல மஞ்சளாகும். ஸ்பூனால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் பிளக்க வேண்டும், அதுதான் பதம். சாப்பிடச் சாப்பிடத் தட்டில் சாம்பார் குறையும், இட்லி உறிஞ்சிக்கொண்டே போகும். மறுபடி கேளுங்கள், மறுபடி ஊற்றுவார். இரண்டு இட்லிக்கு இவ்வளவு சாம்பாரா என்று கூச்சப்படுகிறவர்கள் அங்கே போகவே வேண்டாம். சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ளத்தான் இட்லி.

முடிந்ததும் காபி. காபி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இட்லி ஆர்டர் கொடுக்கும்போதே காபியையும் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள்; ஆறிப்போய் ஆடை படிந்து நிற்கும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொல்லுங்கள். ‘ஸ்ட்ராங்கா’ என்று மட்டும் சொன்னால் சிக்கரி தூக்கலான கசப்பு வரலாம். ‘டிகாக்‌ஷன் புதுசா?’ என்று கேளுங்கள். பில்டரில் முதலில் இறங்கினதற்கும் அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கினதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

சைதாப்பேட்டைக்கு ஒரு நடை போய் வரலாம். அங்கே வடகறி. மாரி ஓட்டல் என்றால் அந்தப் பேட்டையில் குழந்தைகூட வழி சொல்லும். மிஞ்சிப்போன மசால் வடையைப் பிய்த்துக் குழம்பில் போட்டதுதான் வடகறியின் பிறப்பு என்பார்கள். இருக்கட்டும், சிக்கனத்தில் பிறந்த பண்டங்களுக்குத்தான் ருசி அதிகம். இப்போது அதற்கென்றே கடலைப் பருப்பை ஊறவைத்துக் கொரகொரவென்று அரைத்து, பொரித்து உதிர்த்து, சோம்பு, பட்டை, கிராம்பு வாசனையோடு வெங்காயம் தக்காளி மசாலாவில் கொதிக்க விடுகிறார்கள். நல்ல வடகறியில் பருப்பு முழுக்கக் கரைந்திருக்காது, உதிரி உதிரியாக நாக்கில் தட்டுப்படும். அதே சமயம் குழம்பைக் குடித்து மெத்தென்று இருக்கும். அது செட் தோசைக்குத்தான் ஜோடி. முறுகல் தோசையோடு வாங்கி, மொறுமொறுப்பை ஊறவிட்டுக் கெடுக்காதீர்கள். இட்லியோடும் சாப்பிடலாம். அது காலைப் பண்டம்; பத்து மணிக்கு மேல் போனால் அண்டாவின் அடியைத்தான் சுரண்டுவார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பவும் திருவல்லிக்கேணிதான். ஏன் அங்கேயே சுற்றுகிறான் என்று கேட்கலாம். மேன்ஷன்கள்தான் காரணம். வேலை தேடியும் படிக்கவும் வந்த பையன்கள் அறைக்கு மூன்று நான்கு பேராக இருந்தார்கள். சமைக்க இடமில்லை, கையில் காசும் அதிகமில்லை, வீட்டு ருசியில் ஏக்கம் மட்டும் நிறைய. அப்படிப்பட்ட வாடிக்கைக்காரனை ஒரு நாள் ஏமாற்றலாம், மறுநாள் அவன் எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருப்பான். மாதம் முழுக்க அதே ஆளுக்குச் சோறு போட வேண்டும் என்றால் ரசம் நன்றாக இருந்தே தீர வேண்டும். சுற்றுலாப் பயணிக்குச் சமைக்கிற கடைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இலைச் சாப்பாடு. சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், மோர் என்று போகும். ஆடம்பரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ரசத்தை மட்டும் ஒருமுறை கையில் வாங்கிக் குடித்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் நாயர் மெஸ், கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில், 1961-லிருந்து. அங்கே சாப்பாடு சொன்னால் சாதத்தோடு மீன் குழம்பும் வரும். வறுவலைத் தனியாகக் கேட்க வேண்டும். வஞ்சிரம் கேளுங்கள். துண்டின் மேல் பூசிய மசாலா சிவந்து, ஓரத்தில் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்திருப்பார்கள். உள்ளே வெள்ளைச் சதை அடுக்கடுக்காகப் பிரியும். மைதானத்தில் ஆட்டம் இருக்கிற நாளில் மட்டும் போய்விடாதீர்கள், சந்துக்குள் நுழையவே முடியாது.

அண்ணா சாலையில் புஹாரி. 1951-ல் வந்தது. சிக்கன் 65-ஐ 1965-ல் தங்கள் மெனுவில் சேர்த்ததால் அந்தப் பெயர் என்பது அவர்கள் சொல்வது. அறுபத்தைந்து நாள் கோழி, அறுபத்தைந்து மிளகாய், பட்டாளத்து கேன்டீன் மெனுவில் அறுபத்தைந்தாம் நம்பர் என்று நம் ஆட்கள் கட்டிவிட்ட கதைகள் ஏராளம். எனக்கு வருஷக் கணக்கில்தான் நம்பிக்கை; பின்னால் 78, 82, 90 என்று வேறு கோழிகளும் அதே வீட்டு மெனுவில் வருஷப் பெயரோடு ஏறியிருக்கின்றன. கேட்கிற நேரம் மட்டும் சொல்கிறேன்: பிற்பகல் நாலு மணிக்குப் போய்ச் சிக்கன் 65 கேட்பதைவிட டீயும் பன் பட்டர் ஜாமும் கேளுங்கள். அந்த நேரத்துக்கு அதுதான் ஓடும்.

பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று முன்வரிசையில் ஒருவர் முறைக்கிறார். ஐயா, பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூட்டம் சண்டையில்தான் முடியும். ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். தெரியாத பிரியாணிக் கடையில் கோழியைக் கேட்காதீர்கள், ஆட்டுக்கறியைக் கேளுங்கள். கோழியைத் தனியாக வேகவைத்துச் சோற்றில் கலந்து ஒப்பேற்றிவிடலாம். ஆட்டுக்கறி மசாலாவோடு நேரம் எடுத்து வெந்து, அதன் சாறு அரிசிக்குள் போயிருந்தால்தான் சோறு ருசிக்கும். தம் உடைக்கிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அவரவர் பேட்டை அபிமானத்துக்கு விட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. இனி ஜார்ஜ் டவுனுக்கு. ரொம்பப் பேர் அந்தப் பக்கம் பத்திரிகை அடிக்கவும் பாத்திரம் வாங்கவும்தான் போவார்கள். சாமான் வாங்கிக் களைத்துப் போய் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால், கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கத் தொடங்கும்போதுதான் அங்கே போய் இறங்க வேண்டும்.

என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் டிபன் சென்டர். கடை திறப்பதே மாலையில்தான். இரண்டே பண்டம்: இட்லி, ஊத்தப்பம். நான் ஆரம்பத்தில் சொன்ன விதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இரண்டு பண்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ராத்திரி வரை கூட்டத்தைக் கட்டிப்போடுகிற கடை. வாசலை ஒட்டியே கல். கல் நிறைய ஊத்தப்பம் வரிசையாக வேகும். ஒருவர் நெய்யை ஊற்றிக்கொண்டே இருப்பார், இன்னொரு கை பொடியைத் தூவிக்கொண்டே இருக்கும். நெய்யும் பொடியும் கலந்து கல்லில் குமிழிட்டுப் பொரிகிற ஓசை ரோட்டுக்குக் கேட்கும். ஊத்தப்பத்தின் அடிப்பக்கம் மொறுமொறுவென்று சிவந்து, மேல்பக்கம் நெய்யில் ஊறிப் பொடி பிடித்து வரும். இட்லியும் அப்படித்தான், நெய்யில் குளித்துவிட்டு வரும். இரண்டில் எதை வாங்குவது? என் ஓட்டு ஊத்தப்பத்துக்கு. இட்லிக்கு அவ்வளவு நெய் தாங்காது என்பது என் அபிப்பிராயம். மருத்துவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் இதை மறந்துவிடவும்.

தங்கசாலைத் தெருவுக்குள் திரும்பினால் ராஜஸ்தானும் குஜராத்தும் ஒரே சந்தில் இருக்கும். அடகுக் கடைக்கும் துணி வியாபாரத்துக்கும் வந்த மார்வாடிகளும் குஜராத்திகளும் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தமிழ் நம் வீட்டுத் தமிழைவிடச் சில சமயம் சுத்தமாக இருக்கிறது. காகடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபி. எண்ணெயிலிருந்து எடுத்துப் பாகில் முக்கி உடனே தருவதை வாங்குங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்ததை வேண்டாம் என்று சொல்லுங்கள். முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று விற்கிறார்கள். ரொட்டிக்குப் பதிலாக இரண்டு முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. வடக்கத்தி சாண்ட்விச்சும் தமிழ்நாட்டு முறுக்கும் கல்யாணம் செய்துகொண்டால் எப்படி இருக்கும் என்று இந்தச் சௌகார்பேட்டையில்தான் யோசிப்பார்கள். வாங்கின கையோடு சாப்பிட வேண்டும். பார்சல் கட்டினால் முறுக்கு நமத்துப்போகும், அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.

கடைசியாக நான் அதிக நேரம் ஒதுக்கி வைத்திருப்பது அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸுக்கு. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். பின்னால் இரண்டாவது லைன் பீச் ரோட்டில் சாயங்காலமானால் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். பர்மாவில் கடை வைத்தும் கணக்கு எழுதியும் வயலில் உழைத்தும் வாழ்ந்த தமிழர்கள், 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையும் வியாபாரத்தையும் அரசுடைமையாக்கியபோது கையில் இருந்ததையும் இழந்து கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் சிலர் தரைவழியாகத் திரும்பிப் போகப் பார்த்து, எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள், கோயிலும் இருக்கிறது. சென்னையில் தங்கியவர்களின் பிழைப்புக்காகத் துறைமுகத்துக்கு அருகில் 1969-ல் உருவானது பர்மா பஜார். வெளிநாட்டுச் சாமானுக்காக ஜனங்கள் அங்கே போனார்கள். பஜாரில் வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சாயங்காலம் பசித்தது. பழகின ருசி அக்கரையின் ருசி. அதற்காக அடுப்பு மூட்டியவர்களின் வண்டிகள்தான் இவை.

வண்டிக்கு முன்னால் நின்று பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் நூடுல்ஸ் குவித்து வைத்திருப்பார்கள். ஓர் அகலமான பாத்திரத்தில் அதை ஒரு பிடி போட்டு, மெல்லிசாக நறுக்கின முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், உப்பு, மிளகாய்த்தூள், புளித் தண்ணீர், பொரித்த பூண்டும் அதன் எண்ணெயும் சேர்த்து, பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டு, கையால் பிசைவார்கள். கரண்டிக்கு அங்கே வேலை கிடையாது. விரல்கள் நூடுல்ஸைத் தூக்கிப் பிரித்துப் புரட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கடைசியில் எலுமிச்சை பிழிவார்கள். ஒரு வாயில் புளிப்பும் காரமும் பூண்டு வாசனையும் வெங்காயத்தின் கடுமையும் சேர்ந்து வரும். சூடாக இருக்காது, அதனால் ஆறிப்போனதோ என்று சந்தேகப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். சூட்டுக்குத்தான் பக்கத்தில் கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் தருகிறார்கள். இரண்டு வாய் அத்தோ, ஒரு மடக்கு சூப். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

அந்தச் சூப்பையே நூடுல்ஸ் மேல் ஊற்றித் தந்தால் மொய்ங்கா. பர்மாவில் அதை மீன் போட்டுக் காய்ச்சுவார்கள். இங்கே பெரும்பாலான வண்டிகளில் மீன் இல்லாமலேயே செய்கிறார்கள். சைவர்களும் வந்து நிற்கிற ஊர் இது, வியாபாரம் பார்க்க வேண்டாமா? மழைக்காலத்தில் மொய்ங்காவும் வெயில் காலத்தில் அத்தோவும் என்பது என் வழக்கம். முட்டை சாப்பிடுகிறவர்கள் முட்டை மசாலாவை விட்டுவிடாதீர்கள். வேகவைத்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, மிளகாய்த்தூள் தூவிப் புளித் தண்ணீர் விட்டுத் தருவார்கள். முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் சட்டை பாழ்.

எந்த வண்டி நல்ல வண்டி என்று கேட்பீர்கள். பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள், முட்டைக்கோஸைப் பாருங்கள். அவ்வப்போது நறுக்கிப் போடுகிறாரா, மத்தியானமே நறுக்கிக் கூடையில் வைத்து ஓரம் கறுத்துவிட்டதா? பேஜோ கையில் நொறுங்கும்போது சத்தம் வருகிறதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் நிற்கலாம். காரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிசைந்த பிறகு குறைக்க வழியில்லை. ‘அண்ணே, காரம் மீடியமா’ என்றால் அவர்கள் மீடியம் நம் வீட்டில் அதிகம். ‘கம்மியா’ என்று சொன்னால் சரியாக வரும்.

நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நாளைக்கே கிளம்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. ராத்திரி ஜார்ஜ் டவுன் போவதாக இருந்தால் அத்தோவை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், சீனா பாயைப் பிறகு. நெய் ஏறின நாக்குக்குப் புளிப்பு எடுபடாது. இரண்டுக்கும் நடுவில் நடந்தே போங்கள், வயிற்றில் இடம் கிடைக்கும். வண்டி எடுத்துப் போகாதீர்கள், அங்கே நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும். கடற்கரை ஸ்டேஷனுக்கு மின்சார ரயில் இருக்கிறது. கடைசி ரயிலைத் தவறவிடாமல் திரும்பிவிடுங்கள்.